முதலில் நல்ல தண்ணீர், பிறகுதான் ஆசிட்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டுப் போனது. மணலி தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு இறங்கிய எண்ணெய் எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் பரவியது. காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் கட்டிக் கிடந்த பைபர் படகுகளில், நீர் ஏறி இறங்கிய உயரம்வரை கரும்பழுப்புப் பட்டை. வலையில் எண்ணெய், கயிற்றில் எண்ணெய். பிறகு தமிழக அரசு நிவாரணம் அறிவித்தபோது, 787 படகுகளைச் சீர்செய்யப் படகுக்கு 10,000 ரூபாய் என்பதும் அதில் இடம்பெற்றது.

படகில் படிந்த கறை அரசுக் கணக்கில் ஏறுவது அபூர்வம். மற்ற நாட்களில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. துரு, மீன் ரத்தம், டீசல் புகை, பாசி, வெயிலில் வெளுத்த நிறம் எல்லாம் தொழிலோடு வருபவை என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். விட மனமில்லாமல் தேய்க்கிறவர்கள் பலரும் தவறான பொருளைக் கையில் எடுக்கிறார்கள். இரண்டுமே படகின் ஆயுளைக் குறைக்கின்றன. இரண்டையும் மாற்ற ஆகும் செலவோ, புதுப் படகு வாங்க அரசு தரும் மானியத்தின் அருகில்கூட வராது.

பைபர் படகின் தோல் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தால் விஷயம் புரியும். அச்சில் மெழுகு பூசி, அதன்மேல் நிறமி கலந்த ஜெல்கோட்டைப் பூசுகிறார்கள். அது இறுகி வரும் பதத்தில் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசினைத் தடவி, உருளையால் காற்றுக்குமிழிகளை அமுக்கி வெளியேற்றி, அடுக்கு மேல் அடுக்காக உடலைக் கட்டுகிறார்கள். அச்சிலிருந்து கழற்றியதும் பளபளவென்று வெளியே தெரிவது அந்த ஜெல்கோட் மட்டும்தான். அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கடல்நீருக்கும் உள்ளே இருக்கும் இழைக்கும் நடுவில் நிற்கும் காவல் அவ்வளவே. உரசித் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் போகிறது. போனது திரும்ப வளராது.

இந்தப் பொருள் தமிழ்க் கடற்கரைகளுக்கு நேற்று வந்ததல்ல. 1960களின் இறுதியில் நார்வே உதவியோடு யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சீநோர் நிறுவனம் காரைநகரில் பைபர் படகு கட்டியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம், அலைமோதும் மணற்கரையில் இறக்கி ஏற்றத் தக்க படகுகளை 1980களில் வடிவமைத்துப் பார்த்தது. ஆனால் கட்டுமரத்தையும் மர வள்ளத்தையும் ஓரங்கட்டிவிட்டு பைபர் படகு சோழமண்டலக் கரையை நிறைத்தது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான். உடைந்தவற்றுக்குப் பதிலாகத் தொண்டு நிறுவனங்கள் கொடுத்தவை பெரும்பாலும் பைபர். அவசரத்துக்கு முளைத்த பட்டறைகளில் எல்லாமே ஒரே தரத்தில் வேலை செய்யவில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு இதைக் கவனித்து, படகு கட்டுவோருக்குப் பயிற்சியும் கையேடும் தந்தது.

கட்டுவதற்குக் கையேடு கிடைத்தது, சரி. வைத்துக் காப்பாற்றுவதற்கு? கட்டுமரத்தை அவிழ்த்து வெயிலில் உலர்த்தியும், வள்ளத்துக்கு மீன் எண்ணெய் பூசியும் பழகிய கைகளில், வெயிலே எதிரியாகிவிடுகிற ஒரு பொருள் வந்து சேர்ந்தது. மரத்துக்குச் செய்த நல்லதை இதற்கும் செய்தால் கெட்டுப்போகும். இந்த மாற்றத்தை மீனவர்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆளிருந்திருந்தால் பாதிச் சேதம் தவிர்ந்திருக்கும்.

வெளுப்பையே பார்ப்போம். புற ஊதாக் கதிர் ஜெல்கோட்டின் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. பிடிமானம் இழந்த நிறமி வெண்பொடியாக மேலே நிற்கிறது. படகில் சாய்ந்து நின்றுவிட்டு வந்தால் சட்டையில் ஒட்டியிருப்பது அதுதான். சிவப்பும் அடர் நீலமும் முதலில் தோற்கும். பார்ப்பதற்கு அழுக்குப் போலத் தெரிந்தாலும் இது அழுக்கே அல்ல என்பதால் எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. இதைத் தெரிந்துகொள்ளக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். நனைந்த இடத்தில் பழைய நிறம் திரும்பி வந்தால், கெட்டது மேல்பூச்சு மட்டும்தான். கார் பட்டறைகளில் புழங்கும் ரப்பிங் காம்பவுண்டால் துணி கொண்டு தேய்த்து, மேலே மெழுகு பூசினால் போதும். நனைத்தும் வெளுப்பு தெரிந்தால் 800, 1000, 1500 என்று படிப்படியாக நைசான வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்துவிட்டு, அதற்கப்புறம் காம்பவுண்டுக்கு வர வேண்டும். மெழுகைப் பலர் வீண் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். தேய்த்த ஜெல்கோட்டை மெழுகில்லாமல் வெயிலில் விட்டால் சில மாதங்களில் மறுபடி பொடி நிற்கும், மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். அரை மில்லிமீட்டரில் எத்தனை முறை தேய்க்க முடியும்?

இந்த ஈரத் தேய்ப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. காய்ந்த ஜெல்கோட்டை மின்கருவியால் தேய்த்தால் எழும் தூசியில் நுண்ணிய கண்ணாடி இழையும் கலந்திருக்கலாம். தோல் அரிக்கும், மூச்சுக்குழாய் எரியும். தேய்க்கிறவரோடு அது நிற்பதில்லை. இங்கிலாந்தின் சிசெஸ்டர் துறைமுகத்தில் வளரும் சிப்பிகளிலும் மட்டிகளிலும் கண்ணாடி இழைத் துகள்கள் இருப்பதை 2024இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். படகுகள் செதுக்கப்படும், தேய்க்கப்படும் கரைகளை ஒட்டிய நீர் அது. மட்டியும் நண்டும் பிடித்து விற்கும் ஊர்களில் இதைக் கேட்டும் கேளாதவர்போல் இருக்க முடியாது.

அடுத்தது ஆசிட். கழிவறை கழுவும் ஆசிட் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். படகின் அடியில் ஒட்டிய கொட்டலசின் ஓடு சுண்ணாம்பு வகை என்பதால், ஊற்றியதும் நுரைத்துக் கரையும். கண்ணெதிரே கரைவதைப் பார்த்த கைக்கு அதன்மேல் நம்பிக்கை வந்துவிடுகிறது. அதே ஆசிட் எஞ்சின் தாங்கியின் போல்ட்டையும் நங்கூரக் கொக்கியையும் விட்டுவைக்காது. துருப்பிடிக்காத எஃகு என்று வாங்கிய போல்ட்டின் பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு துளைக்கிறது. இரண்டு மாதம் கழித்து அந்த போல்ட்டின் தலையிலிருந்து பழுப்புக் கோடு வழியும். அதைப் போக்க மறுபடி ஆசிட். கறைக்கு மருந்து என்று ஊற்றியதே கறைக்கு ஊற்றாகிவிட்டதைப் பலர் கவனிப்பதில்லை. கொட்டலசைக் கரையேறிய உடனே, ஈரம் காய்வதற்குள், பிளாஸ்டிக் கரண்டியாலோ மரச் சிம்பாலோ சுரண்டிவிட்டால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். வெயிலில் காயவிட்டால்தான் ஆசிட் தேவைப்படுகிறது.

இரும்புக் கம்பி நார் இன்னொரு தொல்லை. பாத்திரம் துலக்குவதுபோல் அதைக் கொண்டு படகைத் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் ஜெல்கோட்டின் கீறல்களுக்குள் தங்கிவிடும். உப்புக்காற்று பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு செம்புள்ளி.

துருக்கறைக்கு உண்மையில் வேண்டியது ஆக்சாலிக் அமிலம். ரசாயனக் கடைகளில் வெள்ளைத் தூளாகக் கிடைக்கும். இளஞ்சூட்டு நீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 50 கிராம் கரைத்து, துணியில் நனைத்துக் கறைமேல் ஒட்டவைத்து, பத்து நிமிடம் கழித்துக் கழுவினால் போதும். அது துருவில் உள்ள இரும்பைப் பிடித்து நீரில் கரையும் சேர்மமாக மாற்றிவிடுவதால் தேய்க்கவே தேவையில்லை, ஜெல்கோட்டும் தப்பிக்கிறது. பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளின் நீரில் நிற்கும் படகுகளில் நீர்மட்டத்தை ஒட்டி ஏறும் மஞ்சள் பழுப்புக்கும் இதுவே மருந்து. இலைகளிலிருந்து இறங்கும் டேனின்தான் அந்த நிறத்துக்குக் காரணம். ஆனால் ஆக்சாலிக் அமிலம் விஷம். வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக்கூடாது, குடிநீர் பாட்டிலில் கரைத்து வைக்கவே கூடாது.

துருவின் மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்களும் இருக்கிறார்கள். அது துருவைப் போக்காது, இன்னும் அழுத்தமாகப் படியவைக்கும். பிளீச்சிங் பவுடருக்கு உரிய இடம் வேறு: பூசணமும் கரும்புள்ளியும் பிடித்த மூலைகள். அங்கேயும் நீர்த்த கரைசலாக, சில நிமிடங்களுக்கு மட்டும். பெரிய ஆபத்து, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்திலேயே ஆசிட்டையும் ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். திறந்த கரையில் அது காற்றோடு போய்விடலாம். ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக் கழுவுகிறவருக்குத் தப்பிக்க இடமிருக்காது.

ஐஸ் பெட்டி என்றதும் மீன் ரத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். சுடுநீர் ஊற்றினால் ரத்தத்திலுள்ள புரதம் உறைந்து இறுகிப் படியும். குளிர்ந்த நீரும் சோப்பும் போதும், அதுவும் காய்வதற்கு முன்னால். கீறல் விழுந்த பெட்டியில் ரத்தம் கீறலுக்குள் தங்கி நாறும், அந்த நாற்றம் அடுத்த நாள் மீனுக்கு ஏறும். கம்பி நாரால் தேய்த்துக் கீறியவர் ஏலத்தில் விலை குறையும்போது யாரைக் குறை சொல்வார்?

எண்ணூர் எண்ணெய் போன்ற கனத்த எண்ணெய்க்கு வரிசை முக்கியம். முதலில் மரத்தூளோ பழந்துணியோ கொண்டு ஒற்றி எடுக்க வேண்டும். மிஞ்சியதை மண்ணெண்ணெய் அல்லது சமையல் எண்ணெய் நனைத்த துணியால் இளக்கித் துடைத்து, அப்புறம் சோப்பு நீர். எடுத்த எடுப்பில் தின்னரை ஊற்றினால் கருநிற எண்ணெய் இன்னும் நீர்த்து, தேய்ந்த ஜெல்கோட்டின் நுண்துளைகளுக்குள் இறங்கும். பக்கவாட்டில் ஐ.என்.டி., டி.என். என்று தொடங்கும் பதிவு எண்ணும், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் வந்த நிறக் குறியீடும் தின்னரோடு கரைந்து போகும். கடலில் சோதனைக்கு நிறுத்தும்போது அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இனி ஒரு முறை இப்படி நேர்ந்தால், படகுக்கு இவ்வளவு என்று தொகை அறிவிக்கிறபோதே, எதை முதலில் செய்வது, எண்ணெய்த் துணியை எங்கே ஒப்படைப்பது என்று ஒரு பக்கத் தாளும் வீடு வீடாகப் போக வேண்டும். துடைத்த எண்ணெய் அதே கழிமுகத்தில் விழுந்தால் யாருக்கு நிவாரணம்?

இத்தனைக்கும் மேலான ஒரு காரணம் கறையைக் கவனிப்பதற்கு உண்டு. கறை ஓர் அறிகுறி. போல்ட்டைச் சுற்றி வட்டமாகப் படியும் பழுப்பு, அந்தத் துளை வழியாக நீர் இறங்குகிறது என்று சொல்கிறது. பின்பலகையிலோ குறுக்குச் சட்டங்களிலோ ரெசினுக்குள் மரமோ பிளைவுட்டோ புதைத்துக் கட்டிய படகுகளில், தேநீர் நிறத்தில் ஒரு கசிவு தெரிந்தால் உள்ளே மரம் மட்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நட்சத்திர வடிவில் விரியும் மெல்லிய கறுப்புக் கோடுகள் அடிபட்ட இடத்தைக் காட்டுகின்றன. விரிசலுக்குள் புகுந்த அழுக்குதான் அதை நமக்கு வரைந்து காட்டுகிறது. நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளம் போல உப்பி, குத்தினால் காடி நெடியோடு நீர் வடிந்தால், ஜெல்கோட்டைத் தாண்டி நீர் உள்ளே போய் ரெசினோடு வினைபுரிகிறது. மலிவான ஆர்த்தோ வகை ரெசினில் இது சீக்கிரம் வரும், ஐசோ வகை அதிக காலம் தாங்கும். இவற்றில் எதையும் தேய்த்துப் போக்க முடியாது, போக்கவும் கூடாது. உலர்த்தி, திறந்து, பழுதுபார்க்க வேண்டும்.

அதனால்தான் கறையின்மேல் எனாமல் பெயின்ட் அடித்துவிடும் பழக்கம் கவலை தருகிறது. வேளாங்கண்ணி மாதாவையும் முருகனையும் அபிமான நடிகரையும் படகில் எழுதும் அழகை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மெழுகையும் பொடியையும் நீக்காமல், லேசாக உப்புத்தாள் போடாமல் அடித்த பெயின்ட் ஒரு பருவத்தில் செதில் செதிலாக உரியும். உரியும்வரை அது விரிசலை மறைத்துவைக்கும். அணியம் முதல் அமரம் வரை ஒருவர் கையால் கழுவித் துடைத்தால், படகின் ஒவ்வொரு சாணும் அவர் கண்ணில் பட்டுவிடும். அதைவிட மலிவான பரிசோதனை வேறில்லை.

மீன் பிடிக்கிற படகு என்ன கல்யாணக் காரா, பளபளக்க வேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உல்லாசப் படகுக்காரர்களின் வழிகாட்டி நூல்கள் சொல்லும் பத்து வகைக் கிளீனரும் மின் பாலிஷ் எந்திரமும் காசிமேட்டுக்கோ நொச்சிக்குப்பத்துக்கோ தேவையில்லை. மணலில் இழுத்து ஏற்றும் படகின் அடிப்பாகம் எப்படியும் தேயும், அங்கே மெழுகு பூசுவது வீண். அங்கே பார்க்க வேண்டியது, ஜெல்கோட் தேய்ந்து இழை வெளியே தெரிகிறதா என்பது மட்டும். மற்ற இடங்களுக்கு வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரும் மிதமான சோப்பும் கடற்பஞ்சும் போதும். ஆண்டுக்கு ஒரு முறை மெழுகு.

ஆனால் அந்த நல்ல தண்ணீரில்தான் எல்லாம் வந்து முட்டுகிறது. குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் குப்பத்தில், படகைக் கழுவ நல்ல தண்ணீர் எடு என்று அறிவுரை சொல்வது எளிது. உப்புநீரில் கழுவினால் உப்பு அங்கேயே காய்ந்து நிற்கும், உலோகத்தைத் தின்னும். மீனவர் ஆசிட்டை எடுப்பதற்கு அறியாமை மட்டும் காரணமில்லை. வேறு வழி பக்கத்தில் இல்லாததும் காரணம்.

அரசுப் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால் கோணல் தெரியும். 2020இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவர்கள் பழைய படகை மாற்றிப் புதுப் படகும் வலையும் வாங்க மானியம் உண்டு. நல்ல திட்டம், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாற்றிய பிறகு பழைய படகு எங்கே போகும்? கண்ணாடி இழையோடு இறுகிய ரெசினை உருக்கி மறுபடி வார்க்க முடியாது. மரம் என்றால் மட்கியிருக்கும், இரும்பு என்றால் பழைய கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பைபரை எடுக்க ஆளில்லை. பிரான்ஸ் 2019 முதல் உல்லாசப் படகு தயாரிப்பாளர்களின் பங்களிப்போடு பழைய படகுகளை உடைத்து அகற்றும் ஏற்பாட்டை நடத்துகிறது. இங்கே அப்படி ஒன்று வரும்வரை, கட்டிய படகைக் கூடுதலாக ஐந்து ஆண்டு ஓட்டுவதுதான் கரையைக் குப்பையிலிருந்து காக்கும் வழி.

இன்னொரு கோணலும் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படும், வண்ணம் பூசப்படும். கரையோரத்தில் தொழில் செய்யும் பைபர் படகுகளுக்கு அந்த ஓய்வு கிடையாது. பெரிய படகுகள் கடலில் இல்லாத அந்த நாட்களில்தான் அவற்றுக்கு நல்ல விலை. எனவே பராமரிப்பு ஒரு பருவ வேலையாக இல்லாமல், மீன் இறக்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலையாக இருந்தால்தான் நடக்கும்.

அதற்கு ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் வேண்டியவை பெரிதில்லை. ஒரு நல்ல தண்ணீர்க் குழாய், கழுவிய நீர் கடலுக்குள் நேரே ஓடாமல் எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் தொட்டியோடு ஒரு சரிவுத்தளம், ஆக்சாலிக் தூளும் கையுறையும் அளவுக் கோப்பையும் வைத்துப் பூட்டிய ஓர் அலமாரி, அதைத் திறந்து கொடுக்கத் தெரிந்த ஒருவர். மானியப் படகு கட்டித் தரும் பட்டறைகள், எந்த வகை ரெசின், எந்த மாதத்தில் கட்டியது, எங்கெங்கே மரம் புதைத்திருக்கிறது, எதனால் கழுவலாம், எதனால் கூடாது என்பதைத் தமிழில் அச்சிட்டுப் படகோடு தர வேண்டும் என்று மீன்வளத் துறை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தத் தாளை எழுதிக் கொடுக்க வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.